நான் டைரியில் எழுதிய மூன்று வரி

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த அழகான கையெழுத்தால், என்னோடு வேலை பார்த்த ஒரு மனிதனைக் கிட்டத்தட்டச் சாகடிக்கப் பார்த்தேன். அதனால்தான் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தீயணைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஏணி பிடிக்கவும் குழாய் சுருட்டவும் பம்பு ஓட்டவும் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. உங்களில் சிலரைத் 'துணைவர்' வேலைக்குத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கோரமான விபத்துக்குப் போய்வந்த ஒருவன் யாரிடமாவது மனசைக் கொட்ட வேண்டும். அதிகாரியிடம் சொன்னால் பயம், டாக்டரிடம் போனால் வெட்கம், வீட்டில் சொன்னால் அவர்களும் சேர்ந்து கலங்குவார்கள். அதனால் கூடவே வேலை பார்க்கும் ஒருவனுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, "நீ கேட்டுக்கொள்" என்று உட்கார வைப்பார்கள். அவன்தான் துணைவர். எங்கள் வட்டாரத்தில் அந்த வேலையை முதலில் பார்த்தவர்களில் நானும் ஒருவன். முதலில் கெடுத்தவன் நான் ஒருவன்தான்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு நிலையம். எது என்று கேட்காதீர்கள். அங்கே நான் முன்னணித் தீயணைப்பாளராக இருந்தேன். நாற்கரச் சாலையில் கார் நசுங்கினால் போவோம். கரும்புத் தோட்டம், வைக்கோல் போர் எரிந்தால் போவோம். கோடையில் கிணறுகள். சுற்று வட்டாரத்தில் எத்தனை திறந்த கிணறு இருக்கிறது என்பது பரீட்சை முடித்து நீச்சலுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும்தான் தெரியும்.

துணைவர் பயிற்சி மூன்று நாள். அறிவுரை சொல்லாதே, குறுக்கே பேசாதே, கேள். இதை இரண்டு நாள் சொன்னார்கள். ரகசியம் பற்றிய வகுப்பு மூன்றாம் நாள், பிரியாணி சாப்பிட்ட பிறகு. நான் பாதி தூங்கிவிட்டேன். 'யாரிடமும் சொல்லாதே' என்பது மட்டும் காதில் விழுந்தது. அது எனக்கு ஒரு பெரிய விஷயமா? என் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் என் வீட்டுக்காரிக்கே போதும் போதும் என்றாகிவிடும். நம்மை விட்டால் இந்த வேலைக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். 'எழுதாதே' என்று அவர்கள் சொன்னார்களா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நிலையத்தில் கேலிக்குக் குறைச்சலில்லை. "சாமி, இன்னிக்கிப் பாவமன்னிப்பு உண்டா?" என்பார்கள். வேப்பமரத்தடியில் நான் போட்டு வைத்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் எப்போதும் நிலையத்துப் பூனை படுத்திருக்கும். "மொத கேஸு வந்துடுச்சுண்ணா, இன்னா கவலைன்னு கேளு" என்பார்கள். பூனையை எழுப்பிவிட்டு அங்கே முதலில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் வண்டி ஓட்டுநர் அருள். அருள் என்பது நான் வைத்த பெயர். ஊர் கிளியனூர் பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வாய் நிறைய 'அண்ணா' என்பார்.

அவர் வந்ததற்கு இரண்டு வாரம் முன்னால், மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கிணற்றில் ஒரு பையன் மூழ்கிவிட்டான். வண்டியில் அருளோடு நான்கு பேர் போனார்கள். நான் அன்று காவல் அறையில், வண்டி கிளம்பிய நேரமும் சேர்ந்த நேரமும் குறித்துக்கொண்டிருந்தேன். அருள் பெரிய சாலையை விட்டுக் கிராமத்துக் குறுக்கு வழியில் திருப்பினார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலம். தார்ச் சாலையின் இரண்டு பக்கமும் காயப் போட்டிருந்தார்கள். அதன் மேலேயே உட்கார்ந்து பெண்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அருள் பிரேக் போட்டார். அவர்கள் எழுந்து ஓடி, அள்ளி, ஒதுக்கி வழி விடுவதற்குள் ஏழெட்டு நிமிடம் போய்விட்டது. கிணற்றடிக்குப் போய்ப் பையனை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை. "கொஞ்சம் முன்ன வந்திருந்தா பொழச்சிருப்பான்" என்று கூட்டத்தில் யாரோ கத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வேப்பமரத்தடியில் அருள் சொன்னது வேறு.

"நான் எதுக்கு நிறுத்தனேன் தெரியுமாண்ணா? பொம்பளைங்க மேல ஏறிடும்னு நிறுத்தனேன்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க. அப்டி இல்ல. மல்லாட்டைய பாத்தேன். எங்கம்மாவும் இப்டித்தான் ரோட்டுல கொட்டிக்கினு காவல் காக்கும். வருஷத்து சோறுண்ணா அது. நசுங்கிடுமேன்னு காலு தானா பிரேக்குக்குப் போயிடுச்சி. அந்த நிமிஷம் நான் அந்தப் பையன நெனைக்கலண்ணா. மல்லாட்டைய நெனச்சேன்."

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். வெளியே எடுத்துக் காட்டினார். நடுங்கின. மணி அடித்தாலே இப்படி ஆகிறது என்றார். தூக்கமே இல்லை என்றார். நான் குறுக்கே பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை. ஒரு மணி நேரம் நன்றாகவே கேட்டேன். எழுந்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடு நேராகக் காவல் அறைக்குப் போய் நிலைய டைரியைத் திறந்து எழுதினேன்.

'பிற்பகல் 3 முதல் 4 வரை ஓட்டுநர் அருளுடன் துணைவர் உரையாடல். கிணறு அழைப்புக்குப் பின் உறக்கமின்மை, கை நடுக்கம். ஆறுதல் கூறப்பட்டது.' கீழே அடிக்கோல் வைத்து ஒரு கோடு.

சிரிக்காதீர்கள். நீங்களும் இன்னும் இரண்டு வருடத்தில் இப்படித்தான் ஆவீர்கள். நம் வேலையில் குழாய் கழுவினால் எழுத வேண்டும், டயருக்குக் காற்று அடித்தால் எழுத வேண்டும், கக்கூஸ் குழாய் உடைந்தாலும் எழுத வேண்டும். செய்த வேலையை எழுதாமல் விட்டால் கை அரிக்கும். ஒரு மணி நேரம் வேலை செய்தேன், எழுதினேன். மல்லாட்டை விஷயத்தை எழுதவில்லை, ஆகவே ரகசியம் காத்துவிட்டேன் என்றுதான் மனதார நம்பினேன். என்னைப் போல ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

டைரியை முறை மாறும்போது எல்லோரும் புரட்டுவார்கள். மறுநாள் காலையிலேயே ஒருவன் அருளைப் பார்த்துக் கையை நடுக்கிக் காட்டினான். மூன்றாம் நாள் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி கையெழுத்துப் போடும்போது அந்த மூன்று வரியைப் படித்தார். ஓட்டுநருக்குக் கை நடுக்கம் என்று எழுத்தில் பார்த்த பிறகு எந்த அதிகாரி அவரை வண்டி எடுக்க விடுவார்? மருத்துவச் சான்று வரும்வரை ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அருளின் மனைவி ஸ்டெல்லா கிளியனூர்ப் பக்கத்தில் ஒரு சத்துணவு மையத்தில் வேலை பார்த்தார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் ஒருத்தி வந்து, "உங்க வூட்டுக்காரருக்குப் புத்தி பேஜாரா பூட்சாமே" என்று கேட்டிருக்கிறாள்.

அடுத்த நாள் அருள் என் முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீங்க நல்ல மனுஷன்னு நெனச்சி சொன்னேண்ணா."

"அருளு, நான் யார்கிட்டயும் ஒரு வார்த்த…"

"எழுதி வச்சீங்களே."

அவ்வளவுதான் பேசினார். அதற்குப் பிறகு சில மாதம் என்னோடு பேச்சில்லை. அவர் மட்டுமில்லை. சில்வண்டு மாதிரி என் பின்னால் வாயடித்துக்கொண்டு திரிந்த பையன்கள்கூட, நான் சாப்பாட்டு மேசைக்குப் போனால் பேச்சை மாற்றினார்கள். கேலியும் நின்றுபோனது. நாற்காலியில் பூனை நிம்மதியாகத் தூங்கியது. எனக்கு அது ரொம்ப வலித்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வண்டி தாமதமாக வந்தது என்று அந்தக் கிராமத்திலிருந்து மனு போனது. விசாரணை வந்தது. விசாரணை அதிகாரி டைரியைப் புரட்ட, என் முத்தான கையெழுத்து அவர் கண்ணில் பட்டது. ஓட்டுநர் இந்த ஆளிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார், என்ன பேசினார்? விழுப்புரத்துக்கு வரச் சொல்லி எனக்கு ஓலை வந்தது.

போவதற்கு முன் திண்டிவனத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். "உங்ககிட்ட வந்து சொன்னதெல்லாம் ரகசியம்னு நீங்க சொல்லிடலாம் சார். ஆனா வக்கீல், டாக்டர் மாதிரி உங்களுக்குத் தனிப் பாதுகாப்பு எழுதி வச்சிருக்கான்னு கேட்டா, என் கண்ணுக்குத் தெரியல. வாய மூடினா கஷ்டம் உங்களுக்குத்தான்" என்றார். வேறு இரண்டு பேரைக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

விசாரணை அதிகாரி என்னைவிட வயதில் சிறியவர், மரியாதையானவர். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார்.

"ஓட்டுநர் உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க."

"ரோட்டுல என்ன நடந்ததுன்னா, வண்டியில நாலு பேரு இருந்தாங்க சார். அவங்கள கேளுங்க. நேரம் டைரில இருக்குது. அவரு என்கிட்ட மனசு விட்டுப் பேசுனத நான் எழுத மாட்டேன்."

"அவருக்கு நல்லதாவே இருக்கலாங்க. வருத்தப்பட்டாரு, தூங்கல, அழுதாருன்னு நீங்க எழுதினா நானும் கொஞ்சம் இரக்கமா பாப்பேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அங்கேதான் நான் ஆடிப்போனேன். மிரட்டியிருந்தால் வீம்புக்காவது முடியாது என்றிருப்பேன். அவர் நல்லது செய்யக் கூப்பிட்டார். அருளுக்கு நான் செய்த கெடுதலுக்கு இதில் ஒரு பரிகாரம் தேடிக்கொள்ளலாமே என்று கை பேனாவுக்குப் போனது. 'அந்த நிமிஷம் பையனை நினைக்கவில்லை, மல்லாட்டையை நினைத்தேன்.' இந்த வாக்கியத்தை வேப்பமரத்தடியில் கேட்டால் அது ஒரு மனிதனின் அழுகை. விசாரணைத் தாளில் ஏறினால் அது குற்ற ஒப்புதல். எதை எழுதலாம் எதை விடலாம் என்று நான் யார் பொறுக்கி எடுக்க? போன தடவையும் நல்லதைப் பொறுக்கித்தானே எழுதினேன்?

"நல்லதா கெட்டதான்னு அவருதான் சார் சொல்லணும். அவரையே கூப்பிட்டுக் கேளுங்க. நான் எழுதினா நாளைக்கு இந்த மாவட்டத்துல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். ஏற்கெனவே தொறக்கறது இல்ல, என்னால."

"உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரட்டும் சார்."

வந்தது. மெமோ, அதற்குப் பதில், கடைசியில் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம். பதவி உயர்வு தள்ளிப்போனது. நான் தியாகி ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் வீட்டில் எரிந்து எரிந்து விழுந்தேன். விசாரணையில் அருள் தப்பியது என்னாலும் அல்ல. சாலையில் மல்லாட்டை பொறுக்கிய பெண்கள் நாலு பேர் தாங்களாகவே பஸ் ஏறி வந்து, "வண்டி நிக்கலன்னா நாங்க போய்ச் சேந்திருப்போம்" என்று சாட்சி சொன்னார்கள். அருள் மேல் தவறில்லை என்று எழுதி மூடினார்கள். மருத்துவச் சான்று மட்டும் அவர் வாங்கவேயில்லை. டாக்டரிடம் போனால் அதையும் யாராவது எழுதி வைப்பார்கள் என்று பயந்துவிட்டார். நிலையத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தினார்.

ஒரு நாள் காலை திண்டிவனம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"உங்களுக்கு மெமோ குடுத்தாங்களாமே."

"ஆமாம்பா."

"என்னா எழுதிக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் எழுதல."

தனக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஒண்ணு சொல்லணும்ணா. சொன்னா அது உங்களோட இருக்கணும். சத்தியம் பண்ணுங்க" என்றார்.

இந்த இடத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து அந்த மனிதர் என்னோடு பேசுகிறார். சத்தியம் செய்துவிட்டால் போதும், பழையபடி ஆகிவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கேட்காத விஷயத்துக்கு எப்படிச் சத்தியம் பண்ணுவது?

"இரு அருளு. நீ சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். நீ எது சொன்னாலும் என் வாயிலயும் வராது, என் பேனாவுலயும் வராது. ஆனா உன் உசுருக்கோ, இன்னொருத்தர் உசுருக்கோ ஆபத்துன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். அப்பவும் உனக்குத் தெரியாம செய்ய மாட்டேன். அது ஒத்து வந்தா சொல்லு. இல்லன்னா டீய குடி, வேற பேசலாம்."

அவர் முகம் இறுகியது. பாண்டிச்சேரி பஸ் ஒன்று நகர்ந்தது. அதில் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். தேடி வந்தவனைச் சட்டம் பேசி விரட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். பஸ் போய்விட்டது. அவர் போகவில்லை.

"உசுரோட இருக்க வேணாம்னு பத்து நாளா தோணிக்கினே இருக்குதுண்ணா" என்றார். "நீங்க சும்மா இருக்க மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்றேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நிலையம் என்றெல்லாம் பார்க்கவில்லை, அழுதுவிட்டேன். பிறகு கேட்டேன். "இப்ப யார்கிட்ட சொல்லலாம்? நீயே சொல்லு."

"ஸ்டெல்லாகிட்ட. ஆனா என் வாயால வராது. நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அடுத்த பஸ்ஸில் கிளியனூர் போனோம். அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து நான் வெளிப்பக்கம் உட்கார்ந்தேன். சத்துணவு மையத்தில் ஸ்டெல்லா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார், நியாயம்தான். மூன்றே விஷயம் சொன்னேன். இவர் சாகிற மாதிரி நினைக்கிறார். இன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இவரைத் தனியாக விடக் கூடாது.

"எதுக்கு? என்னா கொற இவருக்கு? உங்ககிட்ட என்னா சொன்னாரு?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார்.

"அத அவரு சொல்லுவாரும்மா, அவரால முடியறப்ப. ஆஸ்பத்திரிக்கு ஜல்தி கெளம்புங்க."

மல்லாட்டை பற்றி அன்று அவரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. உயிரைக் காக்க அது தேவைப்படவில்லை. ரகசியத்தை உடைக்க வேண்டிய நேரத்திலும் முழுசாகப் போட்டு உடைக்காதீர்கள். கதவு திறக்கிற அளவுக்குத்தான் கடப்பாரை போடுவோம், வீட்டை இடிக்க மாட்டோம் அல்லவா?

ஆறு மாதம் மாத்திரை, வாரம் தவறாமல் டாக்டர். பிறகு சான்று வாங்கி வண்டி எடுத்தார். அவர் ஓட்டிய வண்டியில் பிறகு நானே எத்தனையோ அழைப்புக்குப் போயிருக்கிறேன்.

உங்களில் யார் துணைவர் ஆனாலும், முதல் ஆள் வந்து உட்கார்வதற்கு முன் உங்கள் அதிகாரியிடம் போய்ப் பேசிவிடுங்கள். இந்தப் பேச்சு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, எந்த விசாரணைக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். நம் பேச்சைத் தாளில் ஏற்றாதே என்பதை மட்டும் தாளில் வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையும் வருகிறவனிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார வையுங்கள். எவ்வளவு தூரம் நம்மை நம்பலாம் என்று தெரிந்துகொண்டு அவன் பேசட்டும்.

இதை எழுதியதும் அருளிடம்தான் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அவரும் ஸ்டெல்லாவும் சேர்ந்தே படித்தார்கள். மல்லாட்டை இடம் வந்ததும் அருள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இருக்கட்டும்ணா, புதுசா வர்ற பசங்களுக்குத் தெரியட்டும்" என்றார். ஸ்டெல்லாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

பிறகு ஒரு பென்சில் கேட்டார். மூன்று இடத்தில் அந்தப் பையனின் பெயரை அடித்தார். அவன் ஊர்ப் பெயரையும் அடித்தார். பேப்பரை என்னிடம் நீட்டிவிட்டு, "என்கிட்ட கேக்க வந்தீங்க, சரி. அந்தப் பையனோட அம்மாவ கேட்டீங்களாண்ணா?" என்றார்.

நான் கேட்கவில்லை.